மூன்றாம் வளைவில் படுத்திருந்த மானேஜர்

என்னோடு வேலை பார்த்த ஜிபின் போன் பண்ணினான். "மேடம், புதுசா ஒன்பது பேர் சேர்ந்திருக்காங்க. உங்க அனுபவத்தை அவங்களுக்கு எழுதித் தரணும். கொஞ்சம் இன்ஸ்பயரிங்கா இருந்தா நல்லது, கேட்டோ."

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதைப் படித்தால், அவர்கள் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஸ்க்ரூகூடக் கீழே விழுந்திருக்காது. என் காலத்தில் நிறைய விழுந்தது. பாதியைக் கீழே போட்டதே நான்தான்.

ஆகவே, கழக்கூட்டத்து ஆபீஸ் ஏசி அறையில் உட்கார்ந்து இதைப் படிக்கிற புதியவர்களே, நான் ஜெயித்த கதையை எதிர்பார்க்காதீர்கள். நாய்க்கு பிஸ்கட் போட்டு என் மானம் போன கதையைச் சொல்கிறேன். என் மானத்தோடு எட்டுப் பெண்களின் மூன்று வருட ஆசையும் சேர்ந்து போக இருந்தது. அதனால்தான் இதை எழுதவே சம்மதித்தேன்.

நீங்கள் செய்யப்போகிற வேலைக்கு செமான்டிக் கம்யூனிகேஷன் என்று பெயர். பெயர்தான் பெரிது. எல்லா வீட்டிலும் நடக்கிற விஷயம்தான். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பும்போது, "அதையும் வாங்கிண்டு வந்துடுங்கோ" என்பேன். எதை என்று அவர் கேட்கமாட்டார். பெருங்காயம் வந்து சேரும். ஒரே சொல்லில் காரியம் முடிகிறது, ஏனென்றால் அலமாரியில் எது தீர்ந்துபோயிருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த தலைமுறை வயர்லெஸ்ஸிலும் இதைத்தான் செய்யப் பார்க்கிறோம். கேமரா எடுத்த படத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பாமல், அதில் இருக்கிற விஷயத்தை மட்டும் சுருக்கி அனுப்புகிறோம். எதிர்ப்பக்கத்துப் பெட்டி, தான் ஏற்கெனவே பார்த்துப் பழகியதை வைத்துப் படத்தைத் திரும்ப வரைந்துகொள்ளும். சிக்னல் நூலாக இழுக்கிற இடத்திலும் வேலை நடக்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அலமாரியைப் பார்த்திருக்க வேண்டும். நான் சறுக்கியது அங்கேதான்.

வித்துராவிலிருந்து பொன்முடிக்குப் போகிற சாலையில் ஒரு கிளை பிரிந்து ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் போகும். சுற்றுலா வண்டிகள் அந்தப் பக்கம் திரும்பாது. ஒரு நாளைக்கு ஒரே பஸ். மத்தியானம் ஒரு மணிக்கு வித்துராவில் கிளம்பி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் திரும்பிக் கீழே இறங்கும். மழை கொஞ்சம் வலுத்தால் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மண் சரியும். பஸ்ஸை விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் வித்துரா பஸ் நிலையத்துக் கண்ட்ரோலர். அவர் தினமும் பன்னிரண்டரை மணிக்கு செல்லக்கனிக்கு போன் போட்டுக் கேட்பார்.

செல்லக்கனி லயத்து வாசலில் டீக்கடை வைத்திருந்தாள். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனாலும் பேச்சு திருநெல்வேலியை விட்டு நகரவில்லை. கடை பெஞ்சின் மேல் ஏறி நின்றால் போனில் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். பெஞ்சில் ஏறி நின்று ஊருக்கே கேட்கும்படி பதில் சொல்லுவாள். அவள் சொல்வதை எப்படி நம்புகிறீர்கள் என்று கண்ட்ரோலரிடம் ஒருநாள் கேட்டேன்.

"மேடமே, 'வழி உண்டு'ன்னு மட்டும் பறஞ்சா வழி உண்டு. 'ரோடு சூப்பரா இருக்கு, தைரியமா அனுப்புங்க'ன்னு பறஞ்சா, கடையில வடை மிச்சம் இருக்குன்னு அர்த்தம். அப்போ நான் ரெண்டாமத்து ஒருக்கா போன்ல விளிச்சு, நல்லா கேட்டுட்டுத்தான் வண்டி விடுவேன்."

என் துறையில் இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. அது பாடம் என்றே அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, செல்லக்கனிக்குப் பதிலாக அந்த வளைவில் ஒரு கேமராவை நட்டேன்.

கேமராவைப் பழக்க மாதக்கணக்கில் படம் எடுத்தோம். பழகி முடிகிறவரை நாங்கள் நேரில் போய்க் கையால் இயக்கினால்தான் அது படம் எடுக்கும். ஆபீஸ் ஜீப் வேண்டுமென்றால் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்து நானும் ஜிபினும் பஸ்ஸிலேயே போய்வருவோம். மூன்றாம் வளைவின் நட்டநடுவில் ஒரு பழுப்பு நாய் படுத்திருக்கும். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதாலும், மற்றவர்கள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருப்பதாலும் லயத்துக்காரர்கள் அதற்கு மானேஜர் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் நாளே நான் இரண்டு பால் பிஸ்கட் போட்டேன். அப்புறம் பஸ் சத்தம் கேட்டால் போதும், மானேஜர் எங்கே இருந்தாலும் வந்து தன் இடத்தில் படுத்துவிடும்.

மண் சரிந்த படங்களும் வேண்டும் அல்லவா? மண் சரிந்த நாளில் பஸ் போகாது. பஸ் போகாத நாளில் நாங்களும் போகவில்லை. அதனால் சரிவுப் படங்களை வேறு வேறு ஊர்களிலிருந்து வாங்கிப் போட்டு நிரப்பினோம். இந்தப் பத்தியைத் தயவுசெய்து இன்னொரு தடவை படியுங்கள். அன்றைக்கு எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

எங்கள் கருவியின் செயல்விளக்க நாள் ஓணம் வாரத்தில் வந்தது. முதல் நாள் நான் மேலே போனபோது லயத்து வாசலில் ஒரு சில்வர் ஓக் மரத்தில் கயிற்றைக் கட்டி எட்டுப் பெண்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மரம் பாவம். கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு செல்லக்கனி மல்லாந்து கிடந்தாள். மறுநாள் நாலு மணிக்கு வித்துரா சந்தை மைதானத்தில் வடம்வலி இறுதிப் போட்டியாம். கயிறு இழுக்கிற போட்டியைத்தான் இங்கே வடம்வலி என்கிறார்கள். முதல் பரிசு ஒரு கிடா, இரண்டாம் பரிசு ஒரு ஏத்தன்குலை, அதாவது நேந்திரம் பழக்குலை.

"ரெண்டு வருசமா பைனலுக்கு வந்துருக்கோம்மா," என்றாள் செல்லக்கனி, மூச்சு வாங்கியபடி. "ரெண்டு வருசமும் அன்னைக்குன்னு மண்ணு சரிஞ்சு பஸ்ஸு வரல. நாங்க வரலைன்னு சொல்லி எதிர்ப்பக்கத்துக்குக் கிடாவைக் குடுத்துட்டாங்க. கயித்தைத் தொடாமலே தோத்துருக்கோம், கேட்டீங்களா? இந்த வருசமும் அப்படி ஆச்சுன்னா இந்தக் கயித்துலயே அந்தக் கண்ட்ரோலரைக் கட்டிப் போட்டுருவேன்."

"நாளைக்கு என் கேமரா பாத்துக்கும்," என்று பெரிய மனுஷிமாதிரி சொன்னேன். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னேன். "பெரியவங்க எல்லாம் திரையில பாக்கப் போறாங்க. ரோட்டுல நாய் கிடந்தா நல்லா இருக்காது. காலையில மானேஜரைப் பிடிச்சுக் கட்டிப் போட்டுடு."

என் வாழ்நாளில் நான் போட்ட உத்தரவுகளிலேயே மிக முட்டாள்தனமானது அது.

மறுநாள் பன்னிரண்டரை மணி. வித்துரா பஸ் நிலையத்தில் கண்ட்ரோலரின் அறையில் திரையை மாட்டியிருந்தோம். சோதனைக் காலம் முடிகிறவரை திரை சிவப்புக் காட்டினால் பஸ்ஸை விடக்கூடாது என்று மேலிடத்திலிருந்து எழுத்து மூலமாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் திட்டத்தை நீட்டிக்கலாமா என்று பார்க்க மூன்று பேர் கொண்ட குழு வந்திருந்தது. அதன் தலைவி சென்னைக்காரர், பேராசிரியர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே ஆளை எடைபோடுகிற ரகம். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

திரை சிவந்தது. மூன்றாம் வளைவின் படம் வந்தது. ஐயோ, என்ன ஒரு படம்! பாதை முழுக்கச் செம்மண், நடுவில் ஆள் உயரப் பாறை, வேரோடு சாய்ந்த மரம். குழுவில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இவ்வளவு சன்னமான சிக்னல்ல இத்தனை துல்லியமா?" என்றார் தலைவி. "நேரடி செயல்விளக்கத்துலயே ஒரு ஆபத்தைக் கண்டுபிடிச்சிருக்கு. அற்புதம்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

கண்ட்ரோலர் மட்டும் தட்டவில்லை. "அந்தப் பெண்ணுங்க இன்னிக்கும் வர முடியாதே," என்று முணுமுணுத்தபடி, பழைய வழக்கப்படி செல்லக்கனிக்கு போன் போட்டார். ஸ்பீக்கரை அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. அறை முழுக்கக் கேட்டது.

"ரோடு சூப்பரா இருக்கு! தைரியமா அனுப்புங்க!"

கண்ட்ரோலரின் முகம் தொங்கிப்போனது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் சூப்பர் என்றால் என்ன அர்த்தம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்கு அவளுக்கு வடையைவிடப் பெரிய காரணம் வேறு இருந்தது.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். ஒரு பக்கம் நான் செய்த பெட்டி. பாறையும் மண்ணுமாக அத்தாட்சி காட்டுகிறது. குழு கைதட்டியாகிவிட்டது, திட்டம் நீண்ட மாதிரிதான். இன்னொரு பக்கம், பொய் சொல்ல எல்லாக் காரணமும் உள்ள ஒருத்தி. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். எட்டுப் பெண்கள் மூன்றாவது தடவையும் கயிற்றைத் தொடாமல் தோற்பார்கள், நான் மரியாதையோடு ஓய்வு பெறுவேன். அவள் பேச்சைக் கேட்டு பஸ்ஸை விட்டு, வளைவில் நிஜமாகவே மண் கிடந்தால்?

நான் போனை வாங்கினேன். "செல்லக்கனி, பொய் சொல்லாதே. பாறை விழுந்திருக்கு. தென்னை மரம் ஒண்ணு வேரோட சாஞ்சு கிடக்கு. நான் கண்ணால பாத்துண்டிருக்கேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது.

"தென்னையா? யம்மா, இந்த மலையில ஏதும்மா தென்னை? சட்னிக்குத் தேங்காயே உங்க பஸ்லதான வருது!"

நான் திரையைப் பார்த்தேன். அழகான தென்னை மரம். ஓலைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ட்ரோலர் தலையில் கை வைத்தார். "சரியாணு மேடமே. எல்லா செவ்வாய்க்கிழமையும் ஒரு சாக்குத் தேங்காய் நான்தான் ஏத்தி விடறேன்."

எங்கேயோ வாங்கிப் போட்ட சரிவுப் படங்களிலிருந்து என் பெட்டி அந்தத் தென்னையைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. அது பார்த்ததைக் காட்டவில்லை, தனக்குத் தெரிந்ததைக் காட்டியது. ஏன் அப்படிக் காட்டியது என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பேனாவை எடுத்தேன். 'என் கருவி சொல்வது தவறு. பஸ்ஸை விடலாம். பொறுப்பு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கண்ட்ரோலரிடம் நீட்டினேன்.

"நிச்சயமாத் தெரியுமா?" என்றார் தலைவி.

"தெரியாது. அதனாலதான் நானும் பஸ்ல போறேன். வளைவுக்கு முன்னாடி வண்டியை நிறுத்தச் சொல்லி, நான் இறங்கி நடந்து பாத்துட்டுத்தான் மேலே விடச் சொல்வேன்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "ஜன்னல் சீட் எனக்கு," என்றார். ஜிபினைத் திரைக்குக் காவல் வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

மூன்றாம் வளைவுக்கு முன்னால் இறங்கி, ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். வளைவு காலியாக இருந்தது. ஒரு கூழாங்கல்கூட இல்லை. இரண்டு பிஸ்கட் உறைகள் மட்டும் கிடந்தன. எனக்கு வந்த நிம்மதியில் அந்தத் தார் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். பேராசிரியர் பார்த்துக்கொண்டிருந்ததால் அழவில்லை.

லயத்து வாசலில் எட்டுப் பெண்களும் பச்சை பனியன் போட்டு, கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார்கள். தேயிலை நிறுக்கிற ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு ஊளைச் சத்தம் வந்தது. நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று ஜிபினைக் கூப்பிட்டேன்.

"மேடம், எங்கே இருக்கீங்க? இங்கே இன்னும் மண்ணுதான் காட்டுது."

"நாங்க வளைவைத் தாண்டி வந்தாச்சுடா. பஸ்ஸைப் பாக்கலையா?"

"படத்துல பஸ் இல்லை மேடம். நீங்களும் இல்லை."

அதாவது, பாதை மூடியிருக்கிறது என்று பெட்டி ஒருமுறை முடிவு செய்துவிட்டால், மூடிய பாதையில் பஸ் வராது என்பதும் அதற்குத் தெரியும். அதனால் எங்களை வரையவில்லை. தலைவியையும் சேர்த்து அழித்துவிட்டது. இதற்கு நான் என்ன சொல்ல என்று தவித்துக்கொண்டிருந்தபோது செல்லக்கனி ஷெட் பக்கம் போனாள். "எல்லாரும் கீழ போறோம், இதை எதுக்குக் கட்டி வச்சிக்கிட்டு," என்று சொல்லி மானேஜரை அவிழ்த்துவிட்டாள். பஸ் சத்தம் கேட்டுத் துடித்துக்கொண்டிருந்த அந்த ஜீவன் என்னைக் கடந்து, பஸ்ஸைக் கடந்து, வளைவை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடியது.

கொஞ்ச நேரத்தில் போனுக்குள் ஜிபின் அலறினான். "மேடம்! மண்ணு போச்சு! பாறை போச்சு! தென்னை போச்சு! பாதை திறந்துடுச்சு! என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலைடா. மானேஜரை அவிழ்த்து விட்டோம்."



"மேடம்... நாம எடுத்த எல்லாப் படத்துலயும்..."

"தெரியறது. வாயை மூடு ஜிபின்."

கீழே நின்றிருந்த தலைவி கேட்டார், "எந்த மானேஜரைக் கட்டி வச்சிருந்தீங்க?"

மாதக்கணக்கில் பழகி என் பெட்டி கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: நாய் படுத்திருந்தால் பாதை திறந்திருக்கிறது, நாய் இல்லையென்றால் மண் சரிந்திருக்கிறது. பிஸ்கட் போட்டு நாயை வரவழைத்ததும் நான். பஸ் போகிற நாளில் மட்டும் படம் எடுத்ததும் நான். கடைசியில் நாயைக் கட்டச் சொன்னதும் நானே. பெஞ்சின் மேல் நின்றபடி அத்தனையையும் ஒப்புக்கொண்டேன். தலைவி முதலில் முறைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் வித்துரா வரைக்கும் நிறுத்தவில்லை. மூன்றாம் வளைவில் டிரைவர் மானேஜரைச் சுற்றி வண்டியை ஓட்டும்போது அவருக்குப் புரையேறி, எட்டுப் பெண்களும் மாறி மாறி முதுகில் தட்டினார்கள். அவர்கள் தட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்குச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எதிரணி சந்தையில் மீன் விற்கிற பெண்கள். கண்ட்ரோலர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். முதல் இழுப்பில் தோற்றார்கள். இரண்டாவது இழுப்பில் இன்னும் சீக்கிரமாகத் தோற்றார்கள். இதற்காகவா இத்தனை பாடு என்று நினைத்தபடி ஆறுதல் சொல்ல ஓடினேன். உடம்பெல்லாம் மண்ணோடு செல்லக்கனி எழுந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"தோத்துட்டோம்மா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். "ரெண்டு வருசம் வராம தோத்தோம். இந்த வருசம் வந்துல்லா தோத்தோம்!"

இரண்டாம் பரிசு ஏத்தன்குலையை அங்கேயே பிய்த்துத் தின்றோம். தலைவி மூன்று பழம் தின்றார். தின்றுகொண்டே சொன்னார், "திட்டத்தை நீட்டிக்கிறேன். ஒரே நிபந்தனை. அந்த வளைவுல நிஜமா மண் சரியற அன்னிக்கு நீங்களே போய்ப் படம் எடுக்கணும்."

ஐப்பசித் துலா மழையில் ஒருநாள் அது சரிந்தது. பஸ் நின்றது. நான் கோவணம் போல் மடித்துக் கட்டிய மழைக்கோட்டோடு, அந்த வயதில், கீழிருந்து நடந்தே போனேன். சரிவின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கேமரா. தாண்ட வழியில்லை. கண்ட்ரோலர் போனில் சொன்னதும் லயத்திலிருந்து செல்லக்கனி தன் அணியோடு இறங்கி வந்தாள். போட்டிக் கயிற்றை என் பக்கம் வீசி, "இடுப்புல நல்லாக் கட்டுங்கம்மா, கண்ணை மூடிக்கிடுங்க," என்றாள். எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே இழுப்பு. முழங்கால் வரைக்கும் சேறோடு அந்தப் பக்கம் போய் விழுந்தேன்.

எழுந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மானேஜர் வந்தது. என் பையை முகர்ந்தது. இருந்த பிஸ்கட் பாக்கெட்டை முழுசாகப் பிரித்துக் கொட்டினேன். தின்று முடித்து, சரிந்து கிடந்த மண்மேட்டின் உச்சியில் ஏறி, தன் வழக்கப்படி படுத்துக்கொண்டது. படத்தை எடுத்து, அதன் குறிப்பை நானே எழுதினேன்: 'பாதை மூடியிருக்கிறது. நாய் இருக்கிறது.'

நீங்கள் பயன்படுத்தப் போகிற படத்தொகுப்பில் முதல் படம் அதுதான். ஓரத்தில் ஒரு கயிறும் சேறு படிந்த ஒரு செருப்பும் தெரியும். செருப்பு என்னுடையது. தேவையில்லாத படம் என்று நினைத்து யாரும் அதை அழித்துத் தொலைக்காதீர்கள். அந்தக் கயிற்றில் அவர்கள் இழுத்து ஜெயித்தது என்னைத்தான்.